ஐந்து இடங்களில் விளம்பரம் செய்தோம்: எது ஆளை அழைத்து வந்தது என்று எப்படிக் கண்டறிவது?

கேள்வி – பதிந்தவர்: அச்சகத்துப் பிள்ளை

அனைவருக்கும் வணக்கம்.

சிவகாசியில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய அச்சகத்தில் தினசரி காலண்டர்களும் மாதக் காலண்டர்களும் கடைப்பெயர் அச்சிட்டுத் தருகிறோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் தொடங்கி, மார்கழி வரை ஓடும் தொழில் இது. இதுவரை ஊர் ஊராகச் செல்லும் ஏஜென்டுகளே ஆர்டர் பிடித்து வந்தார்கள். இந்த ஆண்டு என் வற்புறுத்தலின் பேரில் அப்பா ஓர் இணையதளம் அமைக்கவும், அதற்கு ஆள் வரவழைக்க விளம்பரம் செய்யவும் சம்மதித்தார். கூகுள் தேடலில் ஒரு விளம்பரம், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சேர்த்து ஒன்று, சிறு வணிகர்கள் பார்க்கும் ஒரு யூடியூப் சேனலின் காணொளிக் குறிப்பில் எங்கள் இணைப்பு, செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்பிய நோட்டீஸில் ஒரு கியூஆர் குறி, பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என ஐந்து வழிகளில் செலவு செய்திருக்கிறோம்.

பருவத்தின் பாதியில் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "இதில் எதை நிறுத்தலாம், எதற்குக் கூட்டிப் போடலாம்?" தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கருவியை நிறுவியிருந்ததால் உடனே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் வருகைகளில் பாதிக்கு மேல் 'டைரக்ட்' என்ற வரிசையில் கிடக்கின்றன. எந்த வகையிலும் சேராதவை என்ற பொருளில் 'அன்அசைன்ட்' என்று ஒரு வரிசை இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்குக் காசு கட்டித்தான் விளம்பரம் செய்தோம், ஆனால் 'பெய்ட் சோஷியல்' என்ற வரிசை வெறுமையாகவும், காசு கட்டாத வருகைக்கான 'ஆர்கானிக் சோஷியல்' நிறைந்தும் இருக்கின்றன. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரப் பலகை (விளம்பரக் கணக்கைக் காட்டும் பக்கம்) 940 சொடுக்குகள் என்கிறது. அனலிட்டிக்ஸில் அதற்கு ஈடாக 610 வருகைகளைத்தான் என்னால் கூட்ட முடிந்தது. நோட்டீஸ் கியூஆர் குறியின் கணக்கு எங்குமே இல்லை.

சில இணைப்புகளில், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் குறிகளைச் சேர்த்திருந்தேன். இன்ஸ்டாகிராமைக் கவனிப்பவர் என் மச்சான். அவரும் தம் பங்குக்குச் சேர்த்திருக்கிறார். தளத்தின் முகப்பில் உள்ள 'புதிய ஆல்பம்' என்ற பதாகைக்கும் குறி சேர்த்திருக்கிறேன். எங்கே தவறு செய்தோம், மீதமுள்ள இரண்டு மாதங்களுக்காவது கணக்கை நேர் செய்வது எப்படி என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – எண்சுவடி

அச்சகத்துப் பிள்ளை அவர்களுக்கு வணக்கம். தளத்துக்கு வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸ் கருவிக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், தாங்கள் விவரித்திருக்கும் குழப்பங்கள் அனைத்தும் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

அதற்கு இரண்டே வழிகள்தான் உள்ளன. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குச் செல்லும்போது, முந்தைய தளத்தின் முகவரியை உலாவி தானாகவே புதிய தளத்துக்குச் சொல்லும். இதை ரெஃபரர் என்பார்கள். மற்றொன்று, இணைப்பின் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் நாமே எழுதி வைக்கும் குறிகள். யூடிஎம் என்பது 'அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல்' என்பதன் சுருக்கம். அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கி, அதே ஆண்டு இறுதியில் அதன் மென்பொருளைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அந்தப் பழைய பெயர்தான் இன்றைக்கும் நம் இணைப்புகளின் வாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வாட்ஸ்அப் செயலியில் ஓர் இணைப்பைத் தொட்டால் பொதுவாக ரெஃபரர் வராது. கியூஆர் குறியைக் கேமராவில் பிடித்தால் வராது. பிடிஎஃப் கோப்பிலிருந்து வந்தாலும், முகவரியைத் தட்டச்சு செய்து வந்தாலும் வராது. குறியும் இல்லாமல் ரெஃபரரும் இல்லாமல் வருகிற அத்தனை பேரையும் கருவி 'டைரக்ட்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. ஆகவே அந்தச் சொல்லை 'நேரடியாக வந்தவர்கள்' என்று படிக்காமல் 'எங்கிருந்து என்று தெரியாதவர்கள்' என்று படித்துப் பழகுங்கள். பாதிக்கு மேல் அப்படி இருக்கிறது என்றால், உங்களுக்கு வந்த வருகைகளில் பாதிக்கு மேல் பெயரில்லாமல் வந்திருக்கின்றன என்பதே அதன் பொருள்.

குறிகளில் முதன்மையானவை மூன்று: எந்த இடம் என்பதைச் சொல்லும் யூடிஎம்_சோர்ஸ், எந்த வகை என்பதைச் சொல்லும் யூடிஎம்_மீடியம், எந்தப் பிரசாரம் என்பதைச் சொல்லும் யூடிஎம்_கேம்பெய்ன். தேடுசொல்லுக்கு யூடிஎம்_டேர்ம் என்றும், ஒரே விளம்பரத்தின் இருவேறு படங்களைப் பிரித்தறிய யூடிஎம்_கன்டென்ட் என்றும் இன்னும் இரண்டு உண்டு. உங்கள் தொழிலில் இந்தக் கடைசிக் குறி நன்றாகப் பயன்படும்; முருகன் படம் போட்ட விளம்பரத்துக்கு ஒன்றும், இயற்கைக் காட்சி போட்டதற்கு ஒன்றும் கொடுத்துப் பார்க்கலாம்.

இனி மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். கருவி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே கொள்ளும். நீங்கள் இன்ஸ்டாகிராம் என்பதைச் சிற்றெழுத்தில் தொடங்கி, அவர் பேரெழுத்தில் தொடங்கி, இன்னொரு நாள் அவரே 'இன்ஸ்டா' என்று சுருக்கியிருந்தால் அறிக்கையில் மூன்று தனித்தனி ஊர்கள் முளைத்திருக்கும். நீங்கள் கூட்டிய 610இல் அவற்றில் ஒன்றிரண்டு விடுபட்டிருக்கவும் வாய்ப்புண்டு. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு, யார் புதிய இணைப்பு உருவாக்கினாலும் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதிய பிறகே வெளியிடுவது என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுங்கள். (தமிழில் குறி எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. எழுதலாம், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'காலண்டர்' என்ற ஒரு சொல்லுக்கே முகவரி ஒரு முழம் நீண்டுவிடும்.)

'பெய்ட் சோஷியல்' வெறுமையாக இருப்பதற்குக் காரணம் மீடியம் என்ற இடத்தில் நீங்கள் எழுதிய சொல்லாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் 'ஆட்ஸ்' என்று எழுதியிருப்பீர்கள். வருகைகளை வகை பிரிக்க அனலிட்டிக்ஸ் 4 எழுதி வைத்திருக்கும் விதிகளின்படி, மீடியம் என்ற இடத்தில் 'சிபிசி', 'பிபிசி' (இரண்டும் சொடுக்குக்குக் காசு என்பதன் ஆங்கிலச் சுருக்கங்கள்) போன்றோ, 'பெய்ட்' என்று தொடங்கியோ இருந்தால்தான் அதைக் காசு கட்டிய வருகையாகக் கொள்ளும். இன்ஸ்டாகிராம் என்ற சோர்ஸுடன் 'ஆட்ஸ்' என்ற மீடியம் வந்தால், சமூக ஊடகம் என்ற அளவில் மட்டும் புரிந்துகொண்டு, காசில்லா வருகைகளின் வரிசையில் சேர்த்துவிடும். காசு கொடுத்து அழைத்து வந்த விருந்தாளிக்கு 'தானாக வந்தவர்' என்ற பந்தியில் இலை போட்ட கதைதான். அதற்கு 'பெய்ட்-சோஷியல்' என்று எழுதுங்கள், அடுத்த நாளிலிருந்து சரியாகிவிடும். பழைய கணக்கு மாறாது.

நோட்டீஸுக்கு 'பிரின்ட்' என்றோ 'கியூஆர்' என்றோ மீடியம் கொடுத்தால் கருவிக்கு அந்தச் சொல் தெரியாது, ஆகவே 'அன்அசைன்ட்' வரிசைக்கு அனுப்பும். அதற்காக மனம் தளர வேண்டாம். வகை வரிசையை விட்டுவிட்டு, டிராஃபிக் அக்விசிஷன் அறிக்கையில் சோர்ஸ், மீடியம் என்ற பத்தியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் நீங்கள் எழுதிய சொல் அப்படியே இருக்கும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். அதில் ஆட்டோ டேகிங் இயங்கினால் ஜிசிஎல்ஐடி என்ற குறி தானே ஒட்டிக்கொள்ளும்; விளம்பரக் கணக்கையும் அனலிட்டிக்ஸையும் இணைத்துவிட்டால் போதும்.

முகப்புப் பதாகையில் உள்ள குறியை இன்றே எடுத்துவிடுங்கள். யூடிஎம் என்பது வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசலில் இடும் முத்திரை. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவருக்கும் அதையே இட்டால், இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த ஆள் பதாகையைத் தொட்டு, பிறகு விசாரணைப் படிவத்தை நிரப்பும்போது, அதற்கான பெருமை உங்கள் பதாகைக்கே போய்ச் சேரக்கூடும்.

பதில் 2 – வழங்கியறை

எண்சுவடி அவர்கள் பெயரிடுதலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். நான் இணையதள வழங்கிகளை (சர்வர்களை) பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், நோட்டீஸ் கணக்கு எங்குமே இல்லை என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. குறியே சேர்க்கவில்லையென்றால் 'டைரக்ட்' வரிசையில் கலந்திருக்கும், அதில் புதிர் ஒன்றுமில்லை. குறி சேர்த்து அச்சிட்டும் காணவில்லை என்றால், வழியில் யாரோ அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள். கையில் ஒரு நோட்டீஸை எடுத்து, கியூஆர் குறியைக் கைப்பேசியில் பிடித்து, பக்கம் முழுவதும் திறந்த பிறகு முகவரிப் பட்டையைப் பாருங்கள். கேள்விக்குறியும் அதற்குப் பின்னுள்ள குறிகளும் அங்கே இருக்கின்றனவா? இல்லையென்றால், உங்கள் தளம் பழைய முகவரியிலிருந்து பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பிவிடும் இடத்தில் அவை உதிர்ந்துவிட்டன. என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருளில் திருப்புதல் எழுதுகிறவர்கள் 'யூஆர்ஐ' என்ற மாறியை (வேரியபிளை) இட்டால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது கைவிடப்படும்; 'ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ' என்ற மாறியை இட வேண்டும். நான் பார்த்த தளங்களில் இந்த ஒரு சொல்லால் தொலைந்துபோன கணக்குகள் அதிகம். ஆல்பம் பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு பகுதிக்கு நேரே இட்டுச் செல்லும் இணைப்பாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: யூடிஎம் குறிகள் ஹேஷ் (#) அடையாளத்துக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் வந்தால் கருவி அவற்றைப் படிக்காது.

940க்கும் 610க்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தவரை, முதலில் மெட்டா காட்டுவது எந்தச் சொடுக்கு என்று பாருங்கள். 'கிளிக்ஸ் (ஆல்)' என்ற எண்ணில் விருப்பக்குறி இட்டது, உங்கள் பக்கத்தின் பெயரைத் தொட்டது, 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டது எல்லாம் அடங்கும். 'லிங்க் கிளிக்ஸ்' என்பதே இணைப்பைத் தொட்டவர்களின் எண்ணிக்கை. அதிலும் பக்கம் திறக்கும் முன்பே பொறுமையிழந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் கழித்து வருவது 'லேண்டிங் பேஜ் வியூஸ்'. உங்களுடையது காலண்டர் தளம், ஆகவே படங்கள் அதிகம் இருக்கும். அச்சுக்குத் தயாரித்த கோப்புகளை அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா?

அனலிட்டிக்ஸின் கூற்றையும் மெட்டாவின் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது சாட்சி ஒன்று உங்களிடமே இருக்கிறது. வழங்கியின் அக்சஸ் லாக் கோப்பில், வந்த ஒவ்வொரு கோரிக்கையும் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியோடு பதிவாகிறது. இன்ஸ்டாகிராம் குறியுள்ள வரிகளை எண்ணிப் பாருங்கள். ஃபேஸ்புக்எக்ஸ்டர்னல்ஹிட் என்ற பெயருள்ள வரிகளையும், வாட்ஸ்அப் என்ற பெயருள்ள வரிகளையும் கழித்துவிடுங்கள்; அவை இணைப்பின் முன்னோட்டப் படத்தை எடுக்க வரும் இயந்திரங்கள், ஆட்கள் அல்லர். முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்திருந்து, உங்கள் வழங்கிக்குப் பதிலாகத் தானே வழங்கும் சேவை) வைத்திருந்தால் இந்தக் கணக்கு குறைந்து தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் குறிப்பு – அச்சகத்துப் பிள்ளை

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று நாள்களாக அமர்ந்து பார்த்ததில் கிடைத்தவற்றை எழுதுகிறேன்.

மீடியம் என்ற இடத்தில் 'ஆட்ஸ்' என்றுதான் எழுதியிருந்தேன். எண்சுவடி அவர்கள் எங்கள் கணக்கைப் பார்க்காமலேயே சொன்னது வியப்பாக இருந்தது. இன்ஸ்டாகிராம் என்ற பெயர் நான்கு வடிவங்களில் இருந்தது. அவற்றில் ஒன்று எழுத்துப்பிழை, அது என்னுடையது. நான்கையும் கூட்டியபோது 610 என்பது 655 ஆனது.

நோட்டீஸைக் கைப்பேசியில் பிடித்துப் பார்த்தேன். பக்கம் திறந்ததும் குறிகள் காணாமல் போயின. தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் சொன்னதும் அவர் அந்த மாறியை மாற்றிக் கொடுத்தார்; அதே பழைய நோட்டீஸ் இப்போது சரியாக எண்ணப்படுகிறது. அச்சில் ஏறியதைத் திருத்த முடியாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், கோளாறு அச்சில் இல்லை என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு நிம்மதி.

லாக் கோப்பில் இன்ஸ்டாகிராம் குறியோடு இயந்திரங்களைக் கழித்து 850க்குச் சற்று மேல் வந்தது. மெட்டாவின் 'லிங்க் கிளிக்ஸ்' எண்ணும் ஏறத்தாழ அதுவே; 940 என்பது எல்லாச் சொடுக்குகளும் சேர்ந்த எண். அதாவது 850 பேர் வாசலுக்கு வந்திருக்கிறார்கள், அவர்களில் 200 பேர் அனலிட்டிக்ஸ் கண்விழிப்பதற்குள் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆல்பம் பக்கத்தில் அறுபது படங்கள். அவை அச்சுக்குத் தயாரித்த கோப்புகளிலிருந்து எடுத்தவை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி. அனலிட்டிக்ஸ் நிரல்வரி பக்கத்தின் அடியில், எல்லாப் படங்களுக்கும் கீழே இருந்தது. படங்களைச் சுருக்கி, நிரல்வரியை மேலே கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. எங்களுக்கு இணையத்தில் ஆர்டர் வருவதில்லை. கடைக்காரர் இரவில் கடையடைத்த பிறகு ஆல்பத்தைப் பார்க்கிறார், தம்பியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ காட்டுகிறார், பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைக்கிறார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், "நெட்ல பார்த்தேன் தம்பி" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. வந்தவர்களின் கணக்கு சரியாகிவிட்டது, வாங்கியவர்களின் கணக்கு எப்படிச் சரியாகும்?

பதில் 3 – பழைய ஏஜென்டு

தம்பி, எனக்கு அனலிட்டிக்ஸ் எல்லாம் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் சுற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தபால் வழியே சரக்கு விற்றவர்கள், பத்திரிகை விளம்பரத்தில் தங்கள் முகவரியோடு ஒரு துறை எண்ணைச் சேர்த்துப் போடுவார்கள். ஒரு பத்திரிகைக்கு துறை 5, இன்னொன்றுக்கு துறை 6. அப்படி ஒரு துறை அந்தக் கம்பெனியில் இருக்காது. வருகிற உறையின் மேல் 5 என்று இருந்தால் அது எந்தப் பத்திரிகையைப் பார்த்து வந்தது என்று கணக்கர் குறித்துக்கொள்வார். வாடிக்கையாளரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, அவர் எழுதும் முகவரியே சொல்லிவிடும்.

நம் தொழிலில் இது இன்னும் எளிது. கடைக்காரர் எதை மறந்தாலும் மாடல் எண்ணை மறக்க மாட்டார், ஏனென்றால் அதைச் சொல்லாமல் விலை கேட்க முடியாது. நோட்டீஸில் அச்சிடும் 214ஆம் மாடலுக்கு 214-ந என்றும், யூடியூபில் காட்டும் அதே மாடலுக்கு 214-ய என்றும் எண் கொடுங்கள். அவர் எண்ணைப் படித்துக் காட்டும்போதே நீங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

பதில் 4 – களஞ்சியம்

பழைய ஏஜென்டு ஐயா சொன்னதை அப்படியே இணையதளத்திலும் செய்துவிட முடியும் என்பதால் இதை எழுதுகிறேன். கூடவே எண்சுவடி அவர்களின் ஒரு கருத்தோடு உடன்பட முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் எந்தக் குறியோடு வந்தார் என்பதைத் தளத்தில் ஒரு சிறு நிரல் படித்து, குக்கியில் (வந்தவரின் உலாவியில் தளம் சேமிக்கும் சிறு குறிப்பில்) வைத்துக்கொள்ளட்டும். விசாரணைப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து, படிவத்தை அனுப்பும்போது அந்தக் குறியும் உடன் வரும்படி செய்யலாம். வாட்ஸ்அப் பொத்தான் இருக்குமானால் இன்னும் நல்லது: வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு செய்தியை நிரப்பி வைக்க வழி உண்டு. நோட்டீஸ் வழியாக வந்தவர் அந்தப் பொத்தானைத் தொட்டால், 'வணக்கம், ஆல்பம் விவரம் வேண்டும் (ந)' என்ற செய்தி தானாக எழுதப்பட்டு நிற்கும். யூடியூப் வழியாக வந்தவருக்கு அதே செய்தி (ய) என்று முடியும். அவர் அனுப்பினால் போதும், நீங்கள் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. மாடல் எண்ணின் பக்கத்தில் ஓர் எழுத்தைக் காட்டுவதையும் அதே நிரல் செய்துவிடும்.

இதனால்தான் கூகுள் விளம்பரத்தில் கைவைக்காதீர்கள் என்பதை நான் ஏற்கவில்லை. ஜிசிஎல்ஐடி என்பது கூகுளுக்கு மட்டுமே பொருள் தரும் நீண்ட எழுத்துச் சரம். அதைப் பார்த்து எந்தப் பிரசாரம் என்று உங்கள் படிவமும் சொல்லாது, உங்கள் லாக் கோப்பும் சொல்லாது. விளம்பரக் கணக்கில் ஃபைனல் யூஆர்எல் சஃபிக்ஸ் என்ற இடத்தில் யூடிஎம் குறிகளையும் எழுதி வையுங்கள். ஆட்டோ டேகிங் தன்பாட்டுக்கு இருக்கட்டும். மேலும், 2023இல் வெளியான ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 முதல் சஃபாரி உலாவியின் தனிப்பட்ட சாளரத்திலும், ஆப்பிளின் மெயில், மெசேஜஸ் செயலிகளிலும் ஜிசிஎல்ஐடி, ஃபேஸ்புக்கின் எஃப்பிசிஎல்ஐடி போன்ற ஆளைப் பின்தொடரும் குறிகள் நீக்கப்படுகின்றன, யூடிஎம் குறிகளோ விட்டுவைக்கப்படுகின்றன. காரணம் எளிது: முன்னது தனியொரு சொடுக்கை அடையாளம் காட்டுகிறது, பின்னது பலருக்கும் பொதுவான விளம்பரத்தை மட்டும் காட்டுகிறது. அந்தப் பொதுத்தன்மையை நாமும் காப்பாற்ற வேண்டும். சிலர் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையே குறியாக எழுதி அனுப்புகிறார்கள். தனிநபர் விவரங்களை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் நிபந்தனை, நாகரிகமும் அல்ல.

குக்கியை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்திலுள்ள நிரல் வைக்கும் குக்கியை 2019 முதல் சஃபாரி ஏழு நாள்களில் அழித்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் உலாவி வேறு, அதே கைப்பேசியின் குரோம் வேறு; ஒன்றின் குக்கி மற்றொன்றுக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்து குரோமில் உங்கள் கடைப்பெயரைத் தட்டித் தேடி வருகிறவர், கருவியின் கணக்கில் புதிய மனிதர். ஆகவே மாடல் எண்ணில் ஓர் எழுத்து என்ற ஐயாவின் யோசனை, குக்கி மறந்த பிறகும் நினைவில் நிற்கும் ஒரே குறி.

மெட்டா, கூகுள் ஆகிய இரண்டு விளம்பரப் பலகைகளும் சொல்லும் விசாரணை எண்ணிக்கையை ஒருபோதும் கூட்டிவிடாதீர்கள். தன் விளம்பரத்தைச் சொடுக்கிய ஏழு நாள்களுக்குள் நடந்ததையும், வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள் நடந்ததையும் மெட்டா தன் கணக்கில் எழுதிக்கொள்வது இயல்பான அமைப்பு. கூகுள் விளம்பரத்தில் சொடுக்குக்குப் பின் முப்பது நாள் வரை. ஒரே கடைக்காரர் இரண்டையும் தொட்டிருந்தால் இருவரும் 'என்னால் வந்தவர்' என்பார்கள். ஒரே மணமகனுக்கு இரண்டு தரகர்கள் கமிஷன் கேட்பதைப் போன்றது இது. யார் சொல்வதும் முழுப் பொய் அல்ல.

பதில் 5 – எண்சுவடி

களஞ்சியம் அவர்கள் சொல்வது சரி. இணையத்தில் விற்பனை முடிகிற கடைகளை மனத்தில் வைத்து நான் எழுதிவிட்டேன். தொலைபேசியில் முடிகிற தொழிலுக்குக் கூகுள் விளம்பரத்திலும் யூடிஎம் தேவைதான்.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. யூசர் அக்விசிஷன் என்ற அறிக்கை அந்த ஆளை முதன்முதலில் கொண்டுவந்தது எது என்று சொல்லும். டிராஃபிக் அக்விசிஷன் ஒவ்வொரு வருகைக்கும் காரணமானது எது என்று சொல்லும். இரண்டின் எண்களும் ஒத்துப்போகவில்லையே என்று அடுத்த வாரம் நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் முன்னதாகவே எழுதுகிறேன். எதையும் மறுநாளே பார்த்து முடிவு கட்டாதீர்கள். அனலிட்டிக்ஸ் 4இல் கணக்கு முழுமையாக ஏறி முடிய 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம்.

அடுத்த நோட்டீஸ் அச்சிடும்போது நீண்ட யூடிஎம் முகவரியைக் கியூஆரில் ஏற்ற வேண்டாம். உங்கள் தளத்திலேயே 'என்1' என்பது போல ஒரு குறுமுகவரியை ஏற்படுத்தி, அதைக் குறிகளோடு கூடிய முழு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். எழுத்து குறைந்தால் கியூஆர் குறியின் கட்டங்கள் பெரிதாகி, மட்டமான காகிதத்திலும் எளிதில் பிடிபடும். குறியை மாற்ற வேண்டுமானாலும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவரின் இறுதிக் குறிப்பு – அச்சகத்துப் பிள்ளை

நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வாட்ஸ்அப் செய்தியில் எழுத்து, மாடல் எண்ணில் எழுத்து இரண்டையும் நடைமுறைப்படுத்தினோம். தொலைபேசி எடுக்கும் அக்காவின் மேசையில் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. அதில் ஐந்து பத்திகள்.

இன்ஸ்டாகிராம் வழியாக வருகிறவர்கள் எண்ணிக்கையில் முதலிடம், விசாரணையில் நான்காவது இடம். யூடியூப் காணொளி வழியாக இந்த நான்கு வாரங்களில் எழுபது பேர்தான் வந்திருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பதினொருவர் (ய) என்று முடியும் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். பிராட்காஸ்டில் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பழைய வாடிக்கையாளர்கள். அவர்களைப் புதிதாகப் பிடித்த ஆட்களாக எண்ணக் கூடாது என்று அப்பாவே சொல்லித் தனியாக வைத்துவிட்டார். கூகுள் தேடல் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. நோட்டீஸ் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை: நோட்டீஸைப் பார்த்தவர்களில் பலர் கியூஆரைப் பிடிக்கவே இல்லை, நேரே அழைத்து "214-ந என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவின் குறிப்பேடு இல்லையென்றால், இவர்களுக்கு அனலிட்டிக்ஸில் ஒரு தடயமும் இருந்திருக்காது.

அப்பா இன்ஸ்டாகிராமை நிறுத்திவிடலாம் என்கிறார். மச்சானுக்கு அதில் வருத்தம். புதிதாகப் பார்க்கிற கடைக்காரர் முதல் ஆண்டிலேயே ஆளை மாற்ற மாட்டார், அடுத்த ஆண்டுதான் கேட்பார் என்கிறார் அவர். இதைக் கணக்கில் பார்க்க வழி உண்டா?

பதில் 6 – பழைய ஏஜென்டு

மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது, தம்பி. மூன்று ஆண்டுகள் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான்காம் ஆண்டு ஐந்நூறு காலண்டர் சொன்ன மளிகைக் கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆடியில் அக்காவின் குறிப்பேட்டில் ஆறாவதாக ஒரு பத்தி போடுங்கள்: 'போன ஆண்டே பார்த்தவர்'. அதுவரை இன்ஸ்டாகிராமுக்கு முழுப்பணம் வேண்டாம், பாதி போதும்.